பொதுக் காற்றும் மின்சிகரெட்டும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு, “பொது இடங்களில் மின்சிகரெட்டை அனுமதிக்கலாமா?” என்பதாகும். ஆலய மண்டபத்தில் பேச வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று குழு நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். திருமுறைச் சிறப்பைப் பற்றியோ நாயன்மார் வரலாற்றைப் பற்றியோ பேசச் சொல்லியிருந்தால் எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும். ஆனால் சென்ற ஆண்டுத் திருவிழாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இத்தலைப்பை நம் கோயில் வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று மூன்றாம் நாள் உபயம். அன்னதான வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து, கார் நிறுத்தும் இடம் வரை நீண்டிருந்தது. நான் வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். திடீரென்று கமகமவென மாம்பழ வாசனை வந்தது. உபயக்காரர் யாரோ சாப்பாட்டோடு பழமும் கொடுக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன். பழத்தைக் காணவில்லை. வரிசையின் ஓரமாக, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்றை வாயில் வைத்து இழுத்து, வெள்ளை வெளேரென்று ஊதிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டடி முன்னால் ஒரு தாய், தோளில் உறங்கும் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். அவன் ஊதியது அக்குழந்தையின் தலைமேல் படர்ந்து கலைந்தது.

“தம்பி, கோயிலில் புகை பிடிக்கலாமா?” என்று கேட்டேன். அவன் மரியாதையாகவே பதில் சொன்னான். “சார், இது புகை இல்லை சார், வெறும் ஆவிதான். நெருப்பே கிடையாது, பாருங்கள்” என்று கருவியைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டான். ஆம், அவன் வெளியாள் அல்லன். நம் தொண்டர் படையில் மூன்று ஆண்டுகளாக ஓடியாடி உழைக்கும் பிள்ளை.

அன்று மாலை அவனுடைய தந்தையைக் கண்டு, பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தெரியும் சார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என்னைப் போலச் சிகரெட்டுக்கு அடிமையாகாமல் இருந்தால் போதும் சார்” என்றார். அந்தத் தந்தையைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. தாம் விழுந்த பள்ளத்தில் மகன் விழக்கூடாது என்று, தமக்குத் தெரிந்த வழியில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்.

“வெறும் ஆவிதான்” என்று மகன் சொன்னதும், “சிகரெட்டுக்கு இது பரவாயில்லை” என்று தந்தை சொன்னதும் என்னைப் பல நாள் விடவில்லை. அவ்விரண்டுக்கும் விடை தேடிப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்தக் கருவி எது என்று பார்ப்போம். சீன நாட்டு மருந்தாளர் ஹோன் லிக் என்பவர் 2003-ஆம் ஆண்டில் இன்றைய மின்சிகரெட்டின் முன்னோடியை உருவாக்கினார். அவரே அதிகமாகப் புகைத்தவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். புகையிலையை எரிக்காமல் நிகோட்டினை மட்டும் உடலுக்குக் கொடுத்தால், புகைப்பவர்கள் புகையிலிருந்து தப்பலாமே என்பது அவர் எண்ணம். ஆகவே இக்கருவி பிறந்தபோது அதன் நோக்கம் கெட்டதாக இல்லை.

அதன் அமைப்பும் எளிது. ஒரு மின்கலம், ஒரு கம்பிச்சுருள், கொஞ்சம் திரவம். நாம் இழுக்கும்போது மின்கலம் சுருளைச் சூடாக்கும். சூட்டில் திரவம் நுண்துளிகளாக மாறி வாய்க்குள் வரும். அத்திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்னும் இரண்டு பொருள்களும், பழ வாசனை தரும் இரசாயனங்களும், பெரும்பாலும் நிகோட்டினும் கலந்திருக்கும்.

நம் வீட்டு இட்டலிப் பானையிலிருந்து வருகிறதே, அது ஆவி. அதில் தண்ணீர்தான் இருக்கிறது. மின்சிகரெட்டிலிருந்து வருவது அத்தகைய ஆவி அன்று. அதில் நுண்துகள்கள் இருக்கின்றன; நிகோட்டின் இருக்கிறது; நிக்கல், ஈயம் போன்ற உலோகங்கள் மிகச் சிறிய அளவில் இருப்பதையும் ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. இழுத்தவர் அவை அனைத்தையும் தம் நுரையீரலிலேயே வைத்துக்கொள்வதில்லை. ஒரு பகுதியை வெளியே விடுகிறார். அது பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குள் போகிறது.

இவ்விடத்தில் நான் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. மின்சிகரெட்டில் அத்தனை இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு ஏற்படும் பாதிப்பும் சிகரெட்டை விடக் குறைவே. பிள்ளைகளிடம் பொய் சொல்லிப் பயமுறுத்தினால், பொய் வெளிப்படும் நாளில் நாம் சொன்ன மெய்யையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் ‘குறைவு’ என்பது வேறு, ‘இல்லை’ என்பது வேறு. வரிசையில் நின்ற அந்தக் கைக்குழந்தை குறைவான நிகோட்டினையும் கேட்கவில்லை அல்லவா?

பெரியோர்களே, இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேலே பேசினால், ‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்ற பழமொழிக்கு நானே உதாரணமாகிவிடுவேன்.

நானும் புகைத்தவன்தான். 1980-களில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் ஆசிரியர் அறையில் சாம்பல் கிண்ணம் இருக்கும். பேருந்தில் புகைப்பார்கள், சினிமாக் கொட்டகையில் திரையே மங்கலாகத் தெரியும், பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தவர்கள் மருத்துவமனை நடைபாதையில் நின்று பற்றவைப்பார்கள். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. அப்போது நான் வேலை செய்த ஒரு தோட்டப் பள்ளியில், ஓய்வு நேரத்தில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுச் சில்லறையைக் கொடுத்து, “ஓடிப் போய் ஒட்டுக்கடையில் ரெண்டு சிகரெட் வாங்கி வாடா” என்று அனுப்புவேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அந்த ஆண்டு முழுதும் அனுப்பினேன். அவன் நல்ல ஓட்டக்காரன். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

பிறகு நான் அப்பழக்கத்தை விட்டுவிட்டேன். விட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு திருமண வீட்டில் அந்த மாணவரைச் சந்தித்தேன். வளர்ந்து, குடும்பம் குட்டியோடு இருந்தார். பேச்சுவாக்கில், “சார், உங்களுக்கு வாங்கி வரும் வழியில்தான் முதன்முதலாக ஒன்றை இழுத்துப் பார்த்தேன். இன்னும் விட முடியவில்லை” என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பழைய கதையாகவே சொன்னார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விட்டுவிட்டதால் என் பழக்கம் என்னோடு முடிந்துவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது அவரிடம் தொடர்ந்துகொண்டிருந்தது.

நான் அவருக்குப் புகைக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. புகைப்பது சாதாரணம், வாத்தியாரே செய்யும் காரியம் என்று மட்டும் நாள்தோறும் காட்டினேன். அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. பொது இடத்தில் ஒன்றை அனுமதிப்பதன் பொருள் இதுதான் என்பதை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அந்தக் காலச் சாம்பல் கிண்ணங்கள் தாமாகவே மறைந்துவிடவில்லை. பக்கத்து நாடான சிங்கப்பூர் 1970-ஆம் ஆண்டிலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைப்பதைச் சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் 1993-இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. மருத்துவமனை, திரையரங்கு, மின்தூக்கி, பொது வாகனம் முதலியவற்றில் தடை ஏற்பட்டது. 2004-இல் அவ்விதிமுறைகள் விரிவாக்கப்பட்டன. 1 ஜனவரி 2019 முதல் ஒட்டுக்கடை உட்பட எல்லா உணவகங்களிலும் தடை வந்தது. புகைப்பவர் கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்றானது. அதற்கும் எத்தனை முணுமுணுப்பு! வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். படுத்துவிடவில்லை. இன்று பிள்ளைகளோடு பசியாறப் போகும் குடும்பங்கள் பக்கத்து மேசைப் புகைக்குப் பயந்து எழுந்து போக வேண்டியதில்லை.

இப்படிப் பல ஆண்டு முயற்சியில் முன்வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்ட பழக்கம், பழ வாசனை பூசிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

31 மார்ச் 2023 அன்று, 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலிலிருந்து மின்சிகரெட்டுக்குரிய திரவ நிகோட்டின் நீக்கப்பட்டது. மறுநாளிலிருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. வரி வாங்க வழி பிறந்தது. ஆனால் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு அதை விற்காதே என்று சொல்லும் நாடு தழுவிய சட்டம் அப்போது தயாராக இல்லை. பொதுச் சுகாதாரத்திற்கான புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 30 நவம்பர் 2023 அன்று மக்களவையில் நிறைவேறி, 1 அக்டோபர் 2024 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடையில் ஒன்றரை ஆண்டு. ஒரு பிள்ளை படிவம் ஒன்றிலிருந்து படிவம் இரண்டுக்குப் போய், அதிலும் பாதி முடித்துவிடும் காலம் அது.

மேலும் ஒன்று. 2007-ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கு இப்பொருள்களை என்றைக்குமே விற்கக்கூடாது என்ற விதி முதலில் வரைவில் இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அது பற்றிய வாதப் பிரதிவாதங்களுக்குள் நான் போகவில்லை. சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது குற்றம். புகைத்தடை இடங்களில் சிகரெட்டுக்கு என்ன விதியோ அதே விதிதான் மின்சிகரெட்டுக்கும். புகையை ஊதினாலும் ஆவியை ஊதினாலும் சட்டத்தின் முன் ஒன்றுதான். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். சமய வழிபாட்டு இடங்களும் புகைத்தடை இடங்களே. ஆகவே “வெறும் ஆவிதான் சார்” என்ற பதில் இனிச் செல்லாது.

மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன? சிங்கப்பூர் 1 பிப்ரவரி 2018 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையுமே குற்றமாக்கியது. இந்தியா 2019-இல் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை அனைத்தையும் தடை செய்தது. நம் நாட்டிலேயே ஜொகூர் மாநிலம் 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனையை நிறுத்தியது; திரங்கானு 1 ஆகஸ்ட் 2025 முதல் தடை விதித்தது. இதற்கு மாறாக, பிரிட்டன் மின்சிகரெட்டைப் புகைப்பழக்கத்தை விடுவதற்கான ஒரு கருவியாக ஏற்றுக்கொண்ட நாடு. அந்தப் பிரிட்டனே, ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் மின்சிகரெட்டை 1 ஜூன் 2025 முதல் விற்கக்கூடாது என்று தடுத்தது. பிள்ளைகளின் கைக்கு அது எளிதாகப் போய்ச் சேர்ந்ததும், குப்பையாகக் குவிந்ததும் அதற்குக் காரணங்கள்.

அன்பர்களே, எதிர்த்தரப்பின் வாதங்களையும் கேட்க வேண்டும். நான் இளைஞர்களிடம் பேசியபோது அவர்கள் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார்கள். நான்கும் நல்ல கேள்விகள்.

முதல் கேள்வி: “சிகரெட்டை விட முடியாதவர்கள் இதைக் கொண்டு விட்டிருக்கிறார்களே சார்?” உண்மை. நிகோட்டின் உள்ள மின்சிகரெட்டின் உதவியால் பெரியவர்கள் சிலர் சிகரெட்டை விட்டிருப்பதை நல்ல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இருபது வருடமாகப் புகைத்து மூச்சு வாங்கும் ஒருவர் மருத்துவரைக் கேட்டு இதற்கு மாறினால், அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊன்றுகோல் கால் முறிந்தவனுக்கு. ஓடி விளையாடும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து நடக்கப் பழக்குவதில்லை. அந்தப் பையன் சிகரெட்டை விடுவதற்காக மின்சிகரெட் பிடிக்கவில்லை. அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நிகோட்டினோடு அவனுக்கு ஏற்பட்ட முதல் அறிமுகமே மாம்பழ வாசனைதான். மனித மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயதுக்குள் நிகோட்டின் எளிதில் அடிமைப்படுத்திவிடுகிறது; கவனத்தையும் கற்கும் ஆற்றலையும் கெடுக்கிறது. மேலும், மருந்தென்றே வைத்துக்கொண்டாலும், மருந்தை ஊர் நடுவில் நின்று மற்றவர் முகத்தில் ஊதிச் சாப்பிட வேண்டிய அவசியம் என்ன?

இரண்டாம் கேள்வி: “என் உடம்பு, என் பணம், என் விருப்பம். மற்றவருக்கு என்ன?” பெரியவர் ஒருவர் தம் வீட்டில் என்ன செய்கிறார் என்று பார்க்க நான் வரவில்லை. நம் தலைப்பு பொது இடம். என் வீட்டு வானொலியை எவ்வளவு சத்தமாகவும் வைத்துக் கேட்க எனக்கு விருப்பம் இருக்கலாம். பேருந்துக்குள் வைத்துக் கேட்டால் ஓட்டுநர் இறக்கிவிடுவார். உணவைப் பங்கு போட்டுத் தட்டில் வைக்கலாம். காற்றைப் பங்கு போட முடியாது. ஆஸ்துமா உள்ள மூதாட்டியும், கர்ப்பிணிப் பெண்ணும், பள்ளிப் பிள்ளையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். விலகிப் போக முடியாதவர் இருக்கும் இடத்தில், விலகிப் போகக் கூடியவர்தான் விலக வேண்டும்.

மூன்றாம் கேள்வி என்னைச் சற்று யோசிக்க வைத்தது. நம் உருமி மேளக் குழுப் பையன் ஒருவன் கேட்டான்: “கோயிலில் சாம்பிராணி போடுகிறோம், கற்பூரம் ஏற்றுகிறோம், அதுவும் புகைதானே சார்?” கூட்டத்தில் சிலர் அவனை அதட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்டது சரி. புகை எதுவானாலும் புகைதான்; நுரையீரலுக்குப் பக்தி தெரியாது. அதனால்தான், வயதானவர்கள் இருமுகிறார்கள் என்று சொன்னபோது, நம் கோயிலில் பக்தர்கள் கற்பூரம் ஏற்றும் இடத்தை உள்மண்டபத்திலிருந்து வெளிமுற்றத்துக்கு மாற்றினோம். சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தையே மற்றவர் மூச்சுக்காக வெளியே கொண்டு போன நாம், மின்சிகரெட்டை உள்ளே விடலாமா என்று அவனையே திருப்பிக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஒரு வேறுபாட்டையும் சொன்னேன். சாம்பிராணிப் புகையை மணிக்கு ஒருமுறை முகராவிட்டால் கை நடுங்கும் பக்தர் எவரையும் நான் கண்டதில்லை.

நான்காம் கேள்வி: “நல்ல வாசனைதானே சார் வருகிறது? யாருக்குத் தொந்தரவு?” பிள்ளைகளே, அந்த வாசனைதான் எனக்குப் பெரிய பயம். சிகரெட்டின் நாற்றம் ஓர் எச்சரிக்கை. அம்மா சட்டையை முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மாம்பழமும் புதினாவும் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. உள்ளே இருப்பது என்ன என்பது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமல்ல, பல சமயம் ஊதுபவருக்கே தெரியாது. 2025-இல் சிங்கப்பூரில் கைப்பற்றப்பட்ட மின்சிகரெட்டுகளில் எட்டோமிடேட் என்னும் மருந்து கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அது மருத்துவமனையில் நோயாளியை மயக்கமுறச் செய்யும் மருந்து. 1 செப்டம்பர் 2025 முதல் அந்நாடு அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டு வந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாக் கருவியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொது இடத்தில் அனுமதித்துவிட்டு, இது பழம், இது நிகோட்டின், இது மயக்க மருந்து என்று எந்தத் தொண்டர் முகர்ந்து பார்த்துப் பிரிப்பார்?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கருத்துக்கு வருகிறேன். நம் நாட்டின் தேசியச் சுகாதார ஆய்வு 2017-ஆம் ஆண்டில், பதின்ம வயது மாணவர்களில் 9.8 விழுக்காட்டினர் மின்சிகரெட் பயன்படுத்துவதாகக் கண்டது. 2022-ஆம் ஆண்டில் அது 14.9 விழுக்காடு. ஆசிரியராக இருந்தவன் என்பதால் விழுக்காட்டை நான் வகுப்பாக்கித்தான் பார்ப்பேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறு பேர். ஒரு வரிசை மேசைக்கு ஏறக்குறைய ஒருவர். வகுப்பில் எழுந்து நின்று வருகைக்குப் பதில் சொல்லும் அந்த ஆறு முகங்கள் என் கண்முன் வருகின்றன.

இவர்கள் எல்லாரும் கடைக்காரர் பேச்சைக் கேட்டுத் தொடங்கியவர்கள் அல்லர். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தார்கள். காப்பிக் கடையில் பார்த்தார்கள். திருமண மண்டபத்தின் வாசலில் மாமாவும் சித்தப்பாவும் ஊதுவதைப் பார்த்தார்கள். பெரியவர்கள் வெட்கமில்லாமல் செய்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை, ஆகவே இது சரிதான் என்று முடிவு செய்தார்கள். நான் அனுப்பிய மாணவனும் அப்படித்தானே முடிவு செய்தான்? பொது இடத்தில் தடை வேண்டும் என்று நான் சொல்வது ஊதுபவரைத் தண்டிப்பதற்காக அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்காக. ஆவியால் நுரையீரலுக்கு வரும் கேடு கொஞ்சம் என்று நீங்கள் வாதாடி வென்றுவிடலாம். கண் வழியாக உள்ளே போகும் கேட்டை எந்த ஆய்வுக்கூடத்தில் அளப்பீர்கள்?

புகையிலை நம் முன்னோர் அறிந்த செடி அன்று. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதனால் பழைய சாத்திரங்களில் இதற்குத் தடை எங்கே இருக்கிறது என்று தேடிப் பயனில்லை. நம் முஸ்லிம் சகோதரர்களின் தேசியப் பத்வா மன்றம் 2015-ஆம் ஆண்டிலேயே மின்சிகரெட் கூடாது என்று தன் சமூகத்துக்குச் சொல்லிவிட்டது. நம் ஆலயங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் சொல்ல வேண்டியதை நாம்தான் கூடிப் பேசிச் சொல்ல வேண்டும்.

அப்படித்தான் நம் நிர்வாகக் குழுவும் கூடியது. திருவிழா நிகழ்ச்சியை நான் பெயர் சொல்லாமல் எடுத்து வைத்தேன். மூன்று கருத்துகள் வந்தன. அப்படிப்பட்ட பையன்களைத் தொண்டர் படையிலிருந்து நீக்க வேண்டும் என்றார் ஒருவர். மண்டபத்தின் பின்புறம் மறைவாக ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிடலாம், கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றார் இன்னொருவர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. மறைவான மூலை என்று ஒன்றை ஒதுக்கினால், அடுத்த திருவிழாவுக்குள் அதுவே பையன்கள் கூடும் இடமாகிவிடும். நீக்கினாலோ, பந்தியில் தண்ணீர் ஊற்றும் பிள்ளை நாளை தெருமுனையில் நிற்பான். அங்கே அவனைக் கூப்பிட்டுப் பேச யார் இருக்கிறார்கள்?

நீண்ட விவாதத்துக்குப் பின் முடிவு செய்தவை இவை. கோயில் வளாகம் முழுவதிலும், கார் நிறுத்தும் இடம், சமையற்கூடம், மண்டப வாசல் உட்பட, சிகரெட்டும் கூடாது, மின்சிகரெட்டும் கூடாது. இது நிர்வாகக் குழுவினருக்கும் பொருந்தும். இதைச் சொன்னபோது இருவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும் படிவத்திலும் இந்நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஒருவர், அப்படியானால் வேறு மண்டபம் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். வாடகை நமக்குத் தேவையான வருமானம்தான். என்றாலும் நிபந்தனை நீடிக்கிறது.

ஊர்வலம் போகும் சாலைதான் சிக்கலாக இருந்தது. சட்டம் இடங்களைப் பட்டியலிட்டுச் சொல்கிறது. சாலை முழுவதும் அப்பட்டியலில் வந்துவிடும் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. ஆகவே அதைச் சட்டத்துக்கு விடாமல் உருமி மேளக் குழுத் தலைவர்களிடமே ஒப்படைத்தோம். இரதம் புறப்பட்டுத் திரும்பும் வரை தங்கள் குழுவில் யாரும் தொடமாட்டார்கள் என்று அவர்களே பொறுப்பேற்றார்கள். நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ, அவர்களுடைய ‘அண்ணன்’ சொன்னதால் கேட்டார்கள்.

இனி, அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முற்றும் விட்டுவிட்டான் என்று சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க எனக்கு விருப்பமில்லை. அவன் இன்னும் நம் தொண்டர்தான். பந்தி வேலையில் இருக்கும் நான்கு மணி நேரமும் தொடுவதில்லை என்கிறான். அந்த நான்கு மணி நேரம் எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைக் கண்டபோதுதான், அது தன்னைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது என்றும் சொன்னான். “வெறும் ஆவிதான்” என்று சொன்ன அதே வாய் அப்படிச் சொன்னது. அவனுடைய தந்தையிடம், அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் எம்குவிட் சேவை இருப்பதைச் சொன்னேன். “இருவரும் சேர்ந்தே போகிறோம் சார்” என்றார். ஒருமுறை போய் வந்ததாக அறிகிறேன். மறுமுறையும் போக வேண்டும் என்று ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

பெற்றோர்களே, முடிவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பையைச் சோதிக்குமுன் அவனோடு பேசுங்கள். பழச்சாறு டப்பாவைப் போலவும் விளையாட்டுப் பொருளைப் போலவும் இருப்பதெல்லாம் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். “சிகரெட்டுக்குப் பரவாயில்லை” என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். சிகரெட்டும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நீங்கள் புகைப்பவராக இருந்தால் அதை ஒளிக்காமல், “எனக்கு விட முடியவில்லையடா, நீ தொடாதே” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் என் பத்துச் சொற்பொழிவுக்குச் சமம்.

இளைஞர்களே, உங்களை யாரும் விரட்டப் போவதில்லை. பந்தியில் உங்களுக்கு இடம் உண்டு, தேர்வடம் பிடிக்க இடம் உண்டு. கையில் இருப்பதை மட்டும் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

பொது இடங்களில் மின்சிகரெட்டை அனுமதிக்கலாமா என்றால், கூடாது என்பதே என் முடிவு.